மங்கு கழுவிய மச்சான்

என் மகனுக்கு அவன் பெயர் பிடிக்கவில்லை. வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் சுரேஷ், ஆல்பர்ட், டேவிட் என்று நாகரிகமாக இருக்கிறார்களாம். இவனை மட்டும் "யேசுவடியான்" என்று கூப்பிட்டால் பையன்கள் சிரிக்கிறார்களாம். "ஏன்ப்பா எனக்கு மட்டும் இப்படி ஒரு பேரு?" என்று போன வாரம் சாப்பிடும்போது கேட்டான். அவன் அம்மா கிரேஸ் என்னைப் பார்த்தாள். நீங்களே சொல்லுங்கள் என்று அர்த்தம்.

வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன். அவனுக்காக மட்டுமல்ல, எங்கள் சபையில் இப்போது நெஞ்சு நோய் என்று படுத்திருக்கிறவர்களுக்காகவும் எழுதுகிறேன். பயப்படாதீர்கள். நான் போய்த் திரும்பி வந்த இடம்தான் அது.

எழுபதுகளின் பிற்பாதி. ஈப்போவில் ஒரு பஸ் பட்டறையில் மெக்கானிக்காக இருந்தேன். பிறந்தது கித்தா தோட்டத்து லயத்தில், ரப்பர் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில். அப்பாவும் அம்மாவும் பால் மரம் வெட்டியவர்கள், பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர்கள். நான் மட்டும் பட்டணம் வந்து, சபையில் காணிக்கைத் தட்டு எடுக்கிற அளவுக்குப் பெரிய மனிதனாகிவிட்டதாக ஒரு நினைப்பு. என் கைக்கு அடங்காத எஞ்சின் கிடையாது என்று சொல்லித் திரிந்த வயது. என் சொந்த எஞ்சின் தட்டுவது மட்டும் காதில் விழவில்லை.

சாயந்தரமானால் லேசாகக் காய்ச்சல் வரும். விடியும்போது தலையணை நனைந்திருக்கும். சட்டை நாளுக்கு நாள் தொளதொளவென்று ஆனது. சீனர் மருந்துக்கடையில் கசப்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தேன், டானிக் குடித்தேன், யாராவது கேட்டால் வேலை அதிகம் என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாட்டின் நடுவே இருமல் வந்து, கைக்குட்டையை எடுத்தால் அதில் இரத்தம். பக்கத்தில் இருந்த கிரேஸ் அதைப் பார்த்துவிட்டாள். அவள் அப்போது ஆறு மாத கர்ப்பிணி. எங்களுக்கு முதல் குழந்தை.

மறுநாளே ஆஸ்பத்திரி. நெஞ்சுப் படம் எடுக்கும் அறைக்கு வெளியே நீளமான பெஞ்சு. ஒருவர் இருமத் தொடங்கினால் அது வரிசையாகக் கடைசிவரை போய்த் திரும்பி வரும். சட்டையைக் கழற்றி, குளிர்ந்த தகட்டில் நெஞ்சை ஒட்டி நின்றேன். மூச்சை இழுத்துப் பிடி என்றார்கள். இழுக்க முடிந்தது, பிடிக்கத்தான் முடியவில்லை.

டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். காற்று இருக்கிற இடம் படத்தில் கறுப்பாகத் தெரியுமாம். எனக்கு வலது பக்கம் மேலே வெள்ளையாக, பஞ்சு ஒட்டியது போல் இருந்தது. கிருமி அங்கே குடியிருக்கிறது, நுரையீரலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது என்றார். தோட்டத்தில் இதற்குச் சயரோகம் என்று பெயர். மலாய்க்காரர்கள் பாத்தோ கெரிங் என்பார்கள், வறட்டு இருமல். எந்த மொழியில் சொன்னாலும் கேட்டவர் ஓரடி பின்னால் நகர்வார்.

கிரேஸ் நகரவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "பிள்ளை பொறக்கறப்ப இவர் வீட்டுல இருப்பாரா டாக்டர்?"

அவர் பொய் சொல்லவில்லை. சளியில் கிருமி இருக்கும்வரை வீட்டுக்கு விட முடியாது, பச்சைக் குழந்தைக்கு இது தொற்றினால் தாங்காது என்றார். மூன்று சோதனைகளில் தொடர்ந்து கிருமி இல்லை என்று வந்தால் குழந்தையைத் தூக்கலாம். அந்த நிமிடத்திலிருந்து எனக்கு வேறு நினைப்பு இல்லை. சாவதைப் பற்றிக்கூட அவ்வளவாகப் பயப்படவில்லை, என் பிள்ளையைத் தூக்காமல் சாவதைப் பற்றித்தான் பயந்தேன்.

பட்டணத்தை விட்டுத் தள்ளி, பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளுக்குப் பக்கத்தில் இருந்தது எங்கள் வார்டு. பெரிய ஜன்னல்கள், எதிரும் புதிருமாகக் கட்டில்கள், நடுவில் நடக்க வழி. தினமும் ஓர் ஊசி, இடுப்புக்குக் கீழே, இன்று இடது, நாளை வலது. அந்த ஊசி காதில் வண்டு ரீங்காரம் செய்வது போல் ஒரு சத்தத்தையும், நடக்கும்போது ஒரு தள்ளாட்டத்தையும் கொடுக்கும். குடிக்காமலேயே கள்ளுக்கடையிலிருந்து வருகிறவன் போல் கழிவறைக்கு நடந்தேன். கூடவே கை நிறைய மாத்திரைகள். அவற்றை விழுங்கினால் காலைச் சாப்பாட்டில் பாதி வெளியே வந்துவிடும். இவ்வளவுதான் வைத்தியம். ஆனால் ஒரு நாள்கூட விடக்கூடாது. பாதியில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும், அப்புறம் அது எதற்கும் அஞ்சாது.

வார்டை ஆண்டவர் லீ மிஸ்ஸி. மிஸ்ஸி என்றால் எங்கள் பக்கத்தில் தாதி. ஆயர் தாவார் ஊரில் ஒரு தோட்டத்துக்குப் பக்கத்தில் வளர்ந்த சீனப் பெண்மணி அவர். தமிழில் என்னைவிட நன்றாகத் திட்டுவார். என் எதிர்க்கட்டிலில் லாரி ஓட்டுநர் கோவிந்தன் அண்ணன், எதற்கெடுத்தாலும் கிண்டல். மூலைக் கட்டிலில் ஒரு சீனக் கிழவர். சுரங்கத்தில் வேலை பார்த்தவர். எல்லோரும் அப்பெக் என்று கூப்பிட்டோம், பெரியவர் என்று அர்த்தம். அவரைப் பார்க்க ஒருவரும் வருவதில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார், கிட்டே போனால் சண்டைக்கு வருவார்.

ஒவ்வொரு கட்டிலுக்கும் மூடி போட்ட ஒரு தகரக் குவளை உண்டு, சளியைத் துப்புவதற்கு. ஆஸ்பத்திரியில் அதற்கு என்ன பெயரோ, எங்களைப் போல் தோட்டத்தில் பிறந்தவர்கள் அதை மங்கு என்றோம். ரப்பர் மரத்தில் பால் வடிகிற சின்னக் கிண்ணத்துக்கு அதுதான் பெயர்.

கிரேஸ் வாரம் தவறாமல் வருவாள். கர்ப்பிணி என்பதால் உள்ளே விடமாட்டார்கள். வராந்தாவின் அந்தக் கோடியில் நின்று, சாப்பாட்டு அடுக்கை வார்டு ஆளிடம் கொடுத்துவிட்டு, சத்தம் போட்டுப் பேசுவாள். எங்கள் குடும்ப ரகசியமெல்லாம் வார்டுக்கே தெரிந்தது. பக்கத்து வீட்டுச் சீன அம்மா கொடுத்தனுப்பும் கோழி முட்டைகள் அந்த அடுக்கில் இருக்கும். பட்டறைக்காரர்கள் முறைவைத்து அவளைப் பஸ்ஸில் ஏற்றி இறக்கினார்கள். அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் மருந்துக்குச் செலவு பெரிதாக இல்லை. சம்பளம் நின்றுபோன வீட்டை என் அக்கா தாங்கிக்கொண்டாள்.

முதல் இரண்டு சோதனையும் சுத்தம் என்று வந்தது. மூன்றாவதுக்குக் காத்திருந்தபோதுதான் ஒரு நாள் மத்தியானம், வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக, வராந்தாவில் என் மச்சான் யேசுவடியான் வந்து நின்றார்.

அவர் கிரேஸின் அண்ணன். சுங்காய்க்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பால் மரம் வெட்டுகிறவர். தாய் தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட, தங்கையைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். மனைவியை இழந்தவர், பிள்ளை கிடையாது. தோட்டத்துச் சின்னக் கோயிலில் மணி அடிப்பதும் பெஞ்சு துடைப்பதும் அவர் வேலை. கோயில்குட்டி என்பார்கள். அந்தப் பட்டத்தைக் கவர்னர் கொடுத்தது போல் வைத்துக்கொள்வார்.

"பையன் லா, மாப்ளே!" என்று எங்கள் ஊர்ப் பேச்சின் "லா"வை ஒட்டி வாசலிலிருந்தே கத்தினார். "பிரசவ வார்டுல ஆம்பளைய உள்ள விடல. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்துட்டு வாரேன். மூக்கு உன்னுது, பாவம்."

வார்டே கைதட்டியது. அவர் சிரித்தார், சிரிப்பு இருமலானது, இருமல் நிற்கவில்லை. ஊசித் தட்டோடு போய்க்கொண்டிருந்த லீ மிஸ்ஸி அப்படியே நின்றார்.

"நீங்க எங்க போறீங்க? நில்லுங்க லா. இந்த இருமல் எவ்வளவு நாளா இருக்கு?"

அந்த வாரமே என் பக்கத்துக் கட்டிலுக்கு வந்துவிட்டார். இளவயதில் ஒரு முறை இந்த நோய் வந்து மருந்து சாப்பிட்டுக் குணமாகியிருந்ததாம், இப்போது திரும்பியிருக்கிறது. யார் யாருக்குக் கொடுத்தோம் என்று எங்களுக்குள் ஒரு வழக்கு. "கல்யாணத்துல நான் வேற எதுவும் பெருசா செய்யலியே, இதையாச்சும் கொடுத்தேனேன்னு வெச்சுக்கோ" என்றார்.

அவர் வந்த இரண்டாம் நாள்தான் அந்தக் கூத்து நடந்தது.

அன்று காலை சோதனை நாள். எழுந்தவுடன் வரும் முதல் சளியை மங்கில் துப்பி மூடி வைக்க வேண்டும். வார்டு ஆள் வந்து பெயர் ஒட்டி எடுத்துப்போவார். சோதனைச்சாலை வண்டி எங்கள் வார்டுக்கு மாதம் ஒரு முறைதான் வரும். அந்தக் காலத்து ஒழுங்கு அப்படி. எனக்கு அது மூன்றாவது சோதனை, கடைசிச் சோதனை. அது சுத்தமென்றால் வீடு. ஞானஸ்நானத்துக்குப் போதகரிடம் நாள்கூடச் சொல்லியாகிவிட்டது. பெயரும் முடிவாகிவிட்டது, பிரின்ஸ். நான்தான் தேர்ந்தெடுத்தேன். பட்டறைக்காரன் மகன் பிரின்ஸ் என்றால் எப்படி இருக்கும்!

துப்பி மூடி வைத்துவிட்டு எல்லோரும் குளிக்கப் போனோம். மச்சானுக்கு உடம்பு சரியில்லையென்று குளியல் கிடையாது. திரும்பி வந்தால், வார்டில் ஈரத் தரை, கார்பாலிக் வாசனை. ஒவ்வொரு கட்டில் பக்கத்திலும் மங்குகள் பளபளவென்று கழுவி, துடைத்து, வாய் கீழாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. வரிசை பிசகவில்லை. நடுவில் ஒரு வாளியோடு மச்சான் நின்றுகொண்டிருந்தார், முகத்தில் அப்படியொரு திருப்தி.

தோட்டத்தில் விடியற்காலையில் எழுந்து, மரம் மரமாகப் போய், மங்கிலிருந்து பாலை வாளியில் ஊற்றி, மங்கைத் துடைத்து வைத்துப் பழகிய கை. மரத்துக்கு ஓய்வு விடும் நாளில் மங்கைக் கவிழ்த்து வைப்பார்கள், மழைத்தண்ணீர் தேங்காமல் இருக்க. நோயாளிகள் குளித்து வருவதற்குள் ஒரு நல்ல காரியம் செய்துவிடலாம் என்று நினைத்து, வார்டு முழுவதும் ஒரே வாளியில் அறுவடை செய்துவிட்டார்.

வாசலில் சோதனைச்சாலை வண்டியின் ஹார்ன் கேட்டது.

"மச்சான்!" என்று நான் போட்ட சத்தத்தில் குட்டையில் இருந்த கொக்கு பறந்திருக்கும். "இது என்ன கித்தா தோட்டமா? என் பிள்ளைய இன்னும் ஒரு மாசம் நான் தொட முடியாது! தெரியுமா உங்களுக்கு?"

அவர் முகம் வெளுத்துப்போனது. வாளியை மெதுவாகக் கீழே வைத்தார். அதற்குள் லீ மிஸ்ஸி வந்துவிட்டார். அவர் திட்டியதை எழுத முடியாது. கடைசியில் கட்டளை போட்டார். "இனிமே உங்க மங்கத் தவிர வேற எதையும் தொடக்கூடாது. ஒரு கரண்டி, ஒரு துணி, எதையும். புரியுதா லா?"

"தப்பு என்னுதுதான் மிஸ்ஸி. தொடமாட்டேன்" என்றார் மச்சான். தெரியாமல் செய்தேன் என்றோ, நல்லதுக்குத்தானே செய்தேன் என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டில் கட்டிலாகப் போய்க் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். அப்பெக்கிடம் மலாயில் கேட்டார், அந்த ஆள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கடைசியாக என்னிடம் வந்தார்.

"மாப்ளே, உன் பிள்ளைய உன் கையிலேருந்து தள்ளி வெச்சுட்டேன். ஆண்டவர்கிட்ட கேட்டுட்டேன். உன்கிட்டயும் கேக்குறேன்."

நான் துண்டை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டேன். கோபம் அப்படி. பிரசவத்துக்குப் பிறகு, குழந்தையை என் அக்காவிடம் விட்டுவிட்டு கிரேஸ் முதல் முறை வந்தபோது, வராந்தாக் கோடியிலிருந்து விஷயத்தைக் கத்திச் சொன்னேன். அவள் முதலில் அழுதாள், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அண்ணன் அப்படித்தாங்க! எங்க வீட்டுல தண்ணி குடிச்சுட்டு வெச்ச லோட்டாவக்கூடக் கவுத்து வெச்சுருவாரு!" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கோபம் அத்தோடு போயிற்று.

சில நாள் கழித்து, சாப்பாட்டுக்குப் பிறகு, அப்பெக்கின் மங்கு கைதவறித் தரையில் விழுந்து கொட்டிவிட்டது. அவருக்குக் குனிய முடியாது. நாங்கள் எல்லோரும் வேறு பக்கம் பார்த்தோம். வார்டு ஆள் சாப்பிடப் போயிருந்தார். மச்சான் கட்டிலிலிருந்து இறங்கினார். அப்பெக் பக்கம் இரண்டடி வைத்தார், நின்றார், திரும்பி நேராக மிஸ்ஸியின் அறைக்குப் போனார். மிஸ்ஸி யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தார், இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். மச்சான் கதவோரம் துண்டை இடுப்பில் கட்டியபடி நின்றார்.

"அண்ணே, தொடச்சுட்டு அப்புறமா சொல்லலாம் லா. யாரு பாக்கப் போறா?" என்றார் கோவிந்தன் அண்ணன்.

"சொன்னா சொன்னதுதான் தம்பி. நல்ல வேலைன்னு கேக்காம செஞ்சுதான் நம்ம மாப்ளைக்கு ஒரு மாசம் போச்சு. இப்ப கேட்டுட்டே செய்யறேன்."

மிஸ்ஸி வந்தார். "என்ன?"

"மிஸ்ஸி, அங்க கீழ கொட்டிக் கெடக்கு. நான் தொடலாங்களா?"

அவர் மச்சானையும் பார்த்தார், தரையையும் பார்த்தார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்த எங்களையும் ஒரு சுற்றுப் பார்த்தார். போய் ரப்பர் கையுறையும் மருந்துத் தண்ணீரும் எடுத்துவந்து கொடுத்தார்.

மச்சான் மண்டியிட்டுத் துடைத்தார். மங்கைக் கழுவினார். தோட்டத்துப் பழக்கம், துணியை விரலில் சுற்றி உள்ளே ஒரே சுற்று. பிறகு ஒரு துணியை நனைத்து, கேட்டுவிட்டு, அப்பெக்கின் முகவாயையும் கழுத்தையும் துடைத்தார். அந்த மனிதர் தடுக்கவில்லை. மச்சான் முடித்து எழுந்தபோது, அப்பெக் தொண்டையைக் கனைத்துக்கொண்டு "தெரிமா காசே" என்றார், நன்றி என்று. அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்ட முதல் நல்ல வார்த்தை அது.

அன்றிலிருந்து மிஸ்ஸியின் கட்டளை மாறியது. காலையில் மிஸ்ஸி "சரி" என்று சொன்ன பிறகு வார்டு மங்குகள் மச்சானுக்கு. தினமும் போய்க் கேட்பார். "மிஸ்ஸி, இன்னிக்கு எடுக்கலாங்களா?" மிஸ்ஸிக்கே அலுத்துவிட்டது. "தினம் தினம் கேக்காதீங்க லா, எடுங்க!" என்பார். மறுநாளும் கேட்பார்.

கோவிந்தன் அண்ணன் ஒரு நாள் என்னைச் சீண்டினார். "உங்க மச்சானுக்கு கவர்மெண்டு சம்பளம் போடுதா? ஊரான் எச்சிலக் கழுவுறாரே."

எனக்கு ஜிவ்வென்று ஏறியது. "ஆமா, என் மச்சான்தான்! உங்க மங்கையும் சேத்துத்தான் கழுவுறாரு. நாளையிலேருந்து உங்களுத மட்டும் விட்டுறச் சொல்லட்டுமா?" என்றேன். அவர் வாயை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. வருகிற போகிற டாக்டர், ஆள், சாப்பாடு கொண்டுவருகிறவர், எல்லோரிடமும் "அவர் என் மச்சான், என் பெண்டாட்டியோட அண்ணன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவரைப் போல ஓர் ஆள் எங்கள் குடும்பத்தில் இருக்கிறார் என்று அப்படியொரு பெருமை எனக்கு. இன்றைக்கும் அது குறையவில்லை.

ஒரு நாள் அவரிடமே கேட்டேன், அருவருப்பாக இல்லையா என்று.

"இருக்கத்தான் இருக்கு" என்றார். "எனக்கு மட்டும் மூக்கு இல்லையா? ஆனா நம்ம எசமான் யேசு துண்டக் கட்டிக்கிட்டு அடுத்தவன் கால் கழுவினவரு லா. அவருக்கு அது கசக்கல. எனக்கு மங்கு கழுவக் கசந்தா நான் யாரு வேலையாளு?" கொஞ்ச நேரம் இருமிவிட்டுத் தொடர்ந்தார். "பெரட்டு ஞாபகம் இருக்கா மாப்ளே?"

இருந்தது. தோட்டத்தில் விடிவதற்கு முன் எல்லோரும் களத்தில் கூடி நிற்போம். பெயரைக் கூப்பிடுவார்கள், குரல் கொடுக்க வேண்டும், பிறகு யார் எந்தக் காட்டுக்கு, எந்த மர வரிசைக்கு என்று சொல்வார்கள். அதுதான் பெரட்டு.

"பெரட்டுல நின்னுக்கிட்டு எனக்கு அந்தக் காடு வேணாம், இந்தக் காடுதான் வேணும்னு கேட்டிருக்கோமா? சொன்ன காட்டுக்குப் போனோம். இப்ப எனக்கு இந்த வார்டச் சொல்லியிருக்கு. வெட்டுறேன். மேல ஒரு பெரட்டு இருக்கு, அதுலயும் பேரக் கூப்பிடுவாங்க. அன்னிக்குக் கூசாம குரல் கொடுக்கணும் மாப்ளே. அது போதும் எனக்கு."

அந்த வாரம்தான் டாக்டர் அவருடைய புதுப் படத்தைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டு போயிருந்தார். பழைய மருந்துகளுக்குக் கிருமி பழகிவிட்டிருந்தது. புது மருந்து கொடுத்துப் பார்க்கிறோம் என்றார்கள். மச்சானுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அவர் என் மங்கை எடுத்துக்கொண்டு போய்க் கழுவிவந்தார்.

அடுத்த மாதம் வண்டி வந்தது. அன்று காலை மச்சான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எந்த மங்கின் பக்கமும் பார்க்காமல் ஜன்னல் பக்கம் நின்றார். வார்டே சிரித்தது. என்னுடைய சோதனை சுத்தம் என்று வந்தது. அவருடையது சுத்தமாக வரவில்லை.

நான் புறப்பட்ட நாளில் கிரேஸ் குழந்தையோடு வந்தாள். வராந்தாவில் என் கையில் கொடுத்தாள். அந்தக் கனத்தை எப்படி எழுதுவது! எத்தனையோ எஞ்சின் தூக்கிய கைக்கு இதை எப்படிப் பிடிப்பதென்று தெரியவில்லை. மூக்கு என்னுடையதுதான். பாவம்தான்.

மச்சான் வராந்தாவின் மறு கோடியில், தண்ணீர்க் குழாய் அருகே நின்றார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார், ஆனால் கிட்டே வரவில்லை.

"அண்ணே, வாங்க. தூக்க வேணாம், தலையில கையாச்சும் வெச்சு ஜெபம் பண்ணுங்க" என்று கிரேஸ் அழைத்தாள். அவளைத் தூக்கி வளர்த்தவர், அவள் பிள்ளையை ஒரு முறைகூடத் தொட்டதில்லை. லீ மிஸ்ஸி பக்கத்தில்தான் இருந்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. மச்சான் ஓரடி வைத்திருந்தால் அன்று அவர் தடுத்திருக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

"வேணாம்மா. கிருமி இருக்கற வரைக்கும் வேணாம்னு டாக்டர் சொன்னது சொன்னதுதான். அவன் முகத்த மட்டும் இந்தப் பக்கம் திருப்பு, பாக்குறேன்."

குழந்தையைத் திருப்பிப் பிடித்தேன். அவர் அங்கிருந்தே கையை உயர்த்தி ஜெபித்தார். பேச்சு எங்களுக்குக் கேட்கவில்லை, உதடு அசைவது தெரிந்தது. முடித்துவிட்டு "போய்ட்டு வாங்க லா, வெயில் ஏறுது" என்றார்.

அந்த ஞாயிறு ஞானஸ்நானம். போதகர் குழந்தையைக் கையில் வாங்கி, தண்ணீரில் விரலை வைத்து, "பிள்ளைக்கு என்ன பெயர்?" என்று கேட்டார். கிரேஸ் "பிரின்ஸ்" என்று சொல்ல வாயெடுத்தாள். நான் முந்திக்கொண்டேன். "யேசுவடியான்" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். மகனே, அந்த ஒரு மாதம் மட்டும் தள்ளிப்போகாமல் இருந்திருந்தால் நீ இன்றைக்குப் பிரின்ஸ்தான். உன் மாமா அன்றைக்கு என் மங்கைக் கொட்டிக் கழுவியதால்தான் உனக்கு இந்தப் பெயர் கிடைத்தது.

செய்தியை மச்சானிடம் கொண்டுபோய்ச் சொன்னேன். "என்ன லா மாப்ளே, பழைய பேரு! பள்ளிக்கூடத்துல பையனுங்க சிரிக்கப் போறானுங்க" என்றார். சொல்லிவிட்டு, அந்தப் பேரை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.

அடுத்த மழைக்காலத்தில் அவர் போய்விட்டார். விடியும் நேரத்தில், பெரட்டு நேரத்தில். நான் போய்ச் சேர்ந்தபோது கட்டிலில் புது விரிப்பு போட்டாகிவிட்டது. பக்கத்தில் அவருடைய மங்கு மட்டும் சுத்தமாகக் கழுவி, துடைத்து, கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"நீங்களா மிஸ்ஸி?" என்று கேட்டேன்.

லீ மிஸ்ஸி மூலைக் கட்டிலைக் காட்டினார். "அப்பெக். வார்டு ஆளத் தொட விடல. அவரே எறங்கி, சுவத்தப் புடிச்சுப் புடிச்சுக் குழாய்க்குப் போனாரு. போறதுக்கு முன்னாடி என்கிட்ட வந்து, தொடலாமான்னு கேட்டாரு லா."

தோட்டத்தில் அடக்கம் செய்தோம். பால் வெட்டுக்காரர்கள் அன்று வேலையைச் சீக்கிரம் முடித்து வந்தார்கள், கோவில் பூசாரியிலிருந்து கங்காணிவரை. லீ மிஸ்ஸி சீருடையோடு வந்து நின்றார். குணமாகி வீட்டுக்குப் போயிருந்த கோவிந்தன் அண்ணன் லாரியில் வந்து இறங்கி, பெட்டியின் ஒரு பக்கத்தைத் தோளில் வாங்கினார். "யாரு அவரு உங்களுக்கு?" என்று யாரோ கேட்டதற்கு, "என் மங்கக் கழுவின அண்ணன்" என்று சத்தமாகச் சொன்னார்.

இதெல்லாம் எழுதி முடித்த மறுநாள், மகன் மறந்துவைத்துப்போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்கப் பள்ளிக்கூடம் போனேன். வகுப்பு தொடங்கியிருந்தது. ஆசிரியர் வரிசையாகப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். உள்ளே போகாமல் வராந்தாவில் நின்றேன்.

"யேசுவடியான்!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். என் மகன் எழுந்து நிற்கும் சத்தம் கேட்டது. முந்தின ராத்திரி நான் எழுதியதை அவன் அம்மா அவனுக்குப் படித்துக் காட்டியிருந்தாள்.

"உள்ளேன் ஐயா!" என்றான். தோட்டத்துப் பெரட்டுக் களத்துக்கே கேட்டிருக்கும், அவ்வளவு சத்தம்.